வேட்டி கட்டியவன் ஓடுவது எப்படி?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், இருக்கன்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வருடச் சந்திப்பை இருக்கன்குடியில் வைத்துக்கொள்ளலாம் என்று சங்கம் முடிவு செய்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். பஸ் செலவு மிச்சம். என் வீடு இங்கிருந்து கூப்பிடு தூரம். உங்களில் பாதிப் பேர் ஆடி கடைசி வெள்ளிக்கு வந்து, கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டுப் போனவர்கள். வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் நடுவில் அம்மனை வைத்துக்கொண்டு சும்மா கிடக்கிற ஒரு சாதாரண நாளில் ஊர் எப்படி இருக்கும் என்று இன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பைச் சொல்லிவிடுகிறேன். சங்கச் செயலாளர் தம்பி போனில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, இப்ப பசங்க எல்லாம் ஜப்பான் கார்ட்டூன் படமாப் பாக்கானுக. நீங்க முப்பது வருசம் பிரஸ்ஸுல ஆர்ட்டிஸ்டா இருந்தவுக. மியாசாகின்னு ஒரு டைரக்டர் இருக்காராமே, அவரப் பத்தி ஒரு இருவது நிமிசம் பேசுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். மியாசாகி பெரிய மனிதர். 1963-இல் டோயி என்ற ஸ்டூடியோவில் இடைப்படம் வரைகிற கடைநிலை ஓவியராகச் சேர்ந்தவர். 1985-இல் நண்பர்களோடு கிப்லி ஸ்டூடியோவைத் தொடங்கினார். 2003-இலும் 2024-இலும் அவர் படங்கள் ஆஸ்கார் வாங்கின. இதெல்லாம் பின்னால் நிற்கிற பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

ஆனால் ஜப்பானில் தயாரான ஒரு முழுநீளக் கார்ட்டூன் படத்தின் இயக்குநர்கள் மூன்று பேரில் ஒருவர் இந்தியர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயர் ராம் மோகன். என்னைப் போல வேதியியல் படித்தவர். அதற்குமேல் எனக்கும் அவருக்கும் ஒப்புமை கிடையாது. அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். செயலாளர் மன்னிக்கவும்.

யுகோ சாகோ என்று ஒரு ஜப்பானியர். டாக்குமென்டரிப் படம் எடுப்பவர். ராமாயணத்தோடு தொடர்புடைய இடங்களில் நடந்த தொல்லியல் அகழாய்வுகளைப் படமெடுக்க 1983 வாக்கில் வட இந்தியாவுக்கு வந்தார். வந்த இடத்தில் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. ராமன் கடவுள், ஒரு நடிகரை நடிக்கவைத்து அவரைக் காட்டுவதைவிட வரைந்து காட்டுவதுதான் பொருத்தம் என்று அவருக்குத் தோன்றியது. ஜப்பான்காரன் எப்படி ராமாயணத்தைக் கார்ட்டூன் ஆக்கலாம் என்று இங்கே எதிர்ப்புக் கிளம்பியது. அதையெல்லாம் சமாளித்து, வேலையை ஜப்பானிலேயே நடத்தினார். கொய்ச்சி சசாகி என்ற ஜப்பானிய இயக்குநரும் நம் ராம் மோகனும் அவரோடு சேர்ந்தார்கள். வனராஜ் பாட்டியா இசையமைத்தார்.

இப்போது ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். ஜப்பானிய ஓவியர்கள் கைத்திறனில் உலகத்துக்கே வாத்தியார்கள். மழை வரையச் சொன்னால் மழை பெய்யும். வாள் வரையச் சொன்னால் வெட்டும். ஆனால் வேட்டி? வேட்டி கட்டிய ஒருத்தன் ஓடினால் துணி எங்கே சுருங்கும், எங்கே பறக்கும், கை தானாக எந்த முனையைப் பிடிக்கும்? சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது முதலில் எந்தக் கையை ஊன்றுவார்? பிள்ளை பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிடும்போது பெரியவரின் கை எப்போது தலைக்கு இறங்கும்? இதெல்லாம் அவர்கள் பார்த்ததே இல்லை. இந்தியாவிலிருந்து போன ஓவியர்கள்தான் எப்படி நடப்பது, வேட்டி எப்படி நிற்கும், ஆசி வாங்குவது எப்படி என்று ஜப்பானியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

எனக்கு இந்த ஒரு செய்திதான் ராம் மோகனின் வாழ்க்கையைத் திறக்கிற சாவி. படத்தில் அனுமன் கடலைத் தாண்டுவதைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். நான் வேட்டி மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் 1992-இல் முடிந்தது. அந்த வருடக் கடைசியில்தான் அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டது. ராமர் பெயரைச் சொன்னாலே நாடு கொதித்துக்கொண்டிருந்த நேரம். திரைப்பட விழாவில் காட்டினார்களே தவிர, தியேட்டர்களுக்குப் பரவலாக வரவில்லை. பிறகு டி.வி.யில் போட்டு ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பார்த்தார்கள். 2025 ஜனவரி 24-ஆம் தேதிதான், புதுப்பித்த பிரதியாக, தமிழ் உட்பட நான்கு மொழிகளில் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. சாகோ 2012-இலும் ராம் மோகன் 2019 அக்டோபர் 11-ஆம் தேதியும் போய்விட்டார்கள். நான் பேரனை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். படம் ஓடிய நேரம் இரண்டேகால் மணி. இடைவேளையில் பேரன் பப்ஸ் தின்றுகொண்டே, "தாத்தா, இத கம்ப்யூட்டர்லயா போட்டாக?" என்று கேட்டான். கையால என்றேன். நம்பவில்லை.

கணக்குப் போட்டுக் காட்டினேன். உங்களுக்கும் போடுகிறேன். சினிமா ஒரு நொடிக்கு 24 படம் ஓடும். 135 நிமிடத்துக்கு 1,94,400 படம். ஒரு வரைபடத்தை இரண்டிரண்டு தடவை எடுத்தாலும் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே நேரத்தில் திரையில் நாலு பேர் அசைந்தால் அதற்குமேல். முக்கியமான நிலைகளைத் தலைமை ஓவியர் வரைவார். நடுவில் வருவதை இளையவர்கள் நிரப்புவார்கள். பிறகு ஒவ்வொன்றையும் கண்ணாடி மாதிரி இருக்கிற செல்லுலாய்டு தாளில் படியெடுத்து, பின்பக்கத்திலிருந்து வண்ணம் பூச வேண்டும். தாளில் துளை இருக்கும், மேசையில் முளை இருக்கும். துளையை முளையில் மாட்டி ஒவ்வொரு தாளாகக் கேமராவுக்கு அடியில் வைப்பார்கள். ஒரு மயிரிழை விலகினால் போதும், திரையில் ராமன் குளிர் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குவான்.

சிவகாசி பிரஸ்ஸில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாலு கலர் ஒன்றின்மேல் ஒன்று உட்காரணும். ரெஜிஸ்டர் விலகினால் லட்சுமிக்கு இரண்டு மூக்கு. 1981-இல் நான் ரீடச்சிங் வேலைக்குச் சேர்ந்தபோது, பெர்ரிசயனைடு கரைசலைத் தூரிகையில் தொட்டு, பிலிமில் இருக்கும் புள்ளிகளைக் கரைத்துச் சின்னதாக்குவதுதான் தினசரி வேலை. கெமிஸ்ட்ரி படித்ததற்குக் கண்ட பலன் அதுதான். நமக்கு நாலு தாள், ராம் மோகனுக்கு ஒரு லட்சம் தாள். மற்றபடி தொழில் ஒன்றுதான் என்று நான் சொல்வேன்.

அவர் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்ட இடம் ஓர் அரசாங்க அலுவலகம். 1931-இல் பிறந்தவர். 1956-இல் பம்பாயில் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் ஒரு கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியது. அங்கே சேர்ந்தார். பயிற்சி கொடுக்க அமெரிக்காவிலிருந்து கிளேர் வீக்ஸ் என்பவர் வந்தார். டிஸ்னியில் 'ஸ்னோ ஒயிட்', 'பாம்பி' படங்களில் வேலை செய்தவர். பாதிரியார் குடும்பம், பிறந்தது இந்தியாவில். 1957-இல் அந்தப் பிரிவு ஜாதகக் கதை ஒன்றை வைத்து 'பேனியன் டீர்' என்ற படத்தை எடுத்தது. மெட்ராஸ்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே, 1947-இல், ஜெமினி ஸ்டூடியோ 'சினிமா கதம்பம்' என்று ஒரு கார்ட்டூன் குறும்படம் எடுத்தது. ஆனால் அது அத்தோடு நின்றது. பம்பாயில் நிற்கவில்லை, காரணம் மாதச் சம்பளம். அரசாங்கச் சம்பளத்தைக் கேலி செய்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். சம்பளம் வந்ததால்தான் ஒரு ஓவியன் பத்து வருடம் உட்கார்ந்து ஒரு மானின் கால் மடங்குவதைப் பழக முடிந்தது.

அறுபதுகளின் கடைசியில் அங்கிருந்து விலகி, நாம் எல்லோரும் அறிந்த பிரசாத் நிறுவனத்தின் அனிமேஷன் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். 1972-இல் சொந்தமாக 'ராம் மோகன் பயோகிராபிக்ஸ்' தொடங்கினார். அதே வருடம் 'யூ செட் இட்' படத்துக்கும் 1983-இல் 'ஃபயர் கேம்ஸ்' படத்துக்கும் தேசிய விருது. இரண்டாவது தலைப்பைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், சிவகாசிக்காரன் அல்லவா. மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' படங்களில் வருகிற அனிமேஷன் பகுதிகள் இவர் வேலை. 2014-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பட்டியல் நீளமானது, அதைப் படித்துக் காட்டி உங்களைத் தூங்கவைக்கப் போவதில்லை. அதில் நான் பார்ப்பது வேறு. ஏறக்குறைய எல்லாமே யாரோ கேட்டுச் செய்து கொடுத்த வேலை. அரசாங்கத்துக்கு, விளம்பரக் கம்பெனிக்கு, அடுத்த டைரக்டருக்கு, யுனிசெப்புக்கு, ஜப்பான்காரருக்கு. மியாசாகிக்குப் பின்னால் ஒரு பதிப்பகம் பணத்தோடு நின்றது. தன் கதையைத் தான் எடுக்க முடிந்தது. ராம் மோகனுக்குப் பின்னால் அப்படி ஒரு பணப்பெட்டி நிற்கவில்லை. சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். "சொந்தமா பெருசா ஒண்ணும் பண்ணலியே" என்பார்கள். லேபிள் வரைந்து வயிறு கழுவியவன் என்ற முறையில் நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கோவில்பட்டி கொண்டையராஜு 1976-இல் காலமாகும் வரை வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி எத்தனை கோடி வீட்டுச் சுவரில் தொங்கின! அதுவும் ஆர்டர் கொடுத்து வாங்கிய வேலைதான். கேட்டவருக்குக் கொடுக்கிற வேலைக்குள் தன் கண் பார்த்ததை வைக்க முடியுமா, முடியாதா, அதுதான் கேள்வி. ராம் மோகன் வைத்தார். அதற்கு நல்ல சாட்சி மீனா.

மீனா தெரியுமா? மாணவிகள் சிலர் கை தூக்குகிறீர்கள், நல்லது. பெண் பிள்ளைகளின் நிலையைப் பற்றித் தெற்காசியா முழுவதும் காட்ட ஒரு கார்ட்டூன் சிறுமி வேண்டும் என்று யுனிசெப் 1990-களின் தொடக்கத்தில் கேட்டது. வங்கதேசத்திலும் நேபாளத்திலும் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் பார்க்கிற தாய், 'இது எங்க ஊர்ப் பிள்ளை' என்று சொல்ல வேண்டும். சேலையா, பாவாடையா, சல்வாரா? வீடு ஓலையா, மண்ணா? வரைந்த படங்களைக் கிராமங்களுக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, கேட்டு, மாற்றி வரைந்தார்கள். முதல் படங்களின் தயாரிப்பு வேலை மணிலாவில், ஹன்னா-பார்பரா கம்பெனியின் ஸ்டூடியோவில் நடந்தது. அங்கேயும் இதே வேட்டிப் பிரச்சினைதான் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன், இந்தத் தடவை குடம் தூக்குவது எப்படி என்று.

ஒரு கதையில் மீனா மரத்தில் ஏறி மாம்பழம் பறித்து வருவாள். வீட்டில் பங்கு போடும்போது தம்பி ராஜுவுக்குப் பெரிய துண்டு. அப்புறம் ஒரு நாள் அவன் வேலையை இவளும் இவள் வேலையை அவனும் மாற்றிச் செய்து பார்ப்பார்கள். ராஜுவுக்கு நாக்குத் தள்ளும். இன்னொரு கதையில் மீனாவைப் பள்ளிக்கூடம் அனுப்பமாட்டார்கள். மிட்டு என்ற அவளுடைய கிளி ஜன்னலில் உட்கார்ந்து பாடம் கேட்டுவந்து அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும். அதை வைத்துக் கோழிகளை எண்ணி, ஒன்று குறைவதைக் கண்டுபிடித்து, திருடனைப் பிடிக்க வைப்பாள்.

என் அக்கா இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். பேச ஆரம்பித்ததிலிருந்து முறைக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி அவளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பினார்கள். தீக்குச்சி அடுக்கும் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு பட்டாசு ஆபீஸ், சரவெடி பின்னுவது. அவள் குச்சி அடுக்கிய காசில்தான் நான் உங்களோடு காலேஜில் உட்கார்ந்து பாடம் கேட்டேன். எங்கள் வீட்டில் மாம்பழம் எப்படிப் பங்கானது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சில வருடம் முன்னால் பேத்தியின் செல்போனில் அந்தக் கோழிக் கதையை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பார்த்தாள். "நம்ம வீட்டுலயும் ஒரு கிளி வளத்திருக்கலாம்டா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டாள்.

பம்பாயில் மேசையில் உட்கார்ந்து வரைந்த ஒரு மனிதர், மீனா உட்காருகிற விதத்தை, தட்டைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்க்கிற விதத்தைச் சரியாகப் பிடித்திருந்தார். இல்லையென்றால் இருக்கன்குடியில் அறுபது வயது தாண்டிய பொம்பளை ஏன் கிளியைப் பற்றிப் பேசப்போகிறாள்?

காலையில் வேதியியல் துறை மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், ஏஐ-கிட்ட சொன்னா அதுவே படம் போட்டுத் தருது. இனிமே இதப் போயி யாராவது படிப்பாங்களா?" நியாயமான கேள்வி. எனக்கு ஜோசியம் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ரீடச்சிங் ரூமில் ஒன்பது பேர் இருந்தோம். தொண்ணூறுகளில் ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் வந்தன. நாலு பேர் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டோம், அஞ்சு பேர் வீட்டுக்குப் போனார்கள். அதில் ஒருவர் போர்டு எழுதப் போனார், அழகாக எழுதுவார். ஃபிளெக்ஸ் வந்து அதுவும் போச்சு. ஒரே ஆயுளில் இரண்டு தடவை தொழிலை இழந்த மனிதர். அவரிடம் போய், 'திறமை இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

ஆனால் இதையும் சொல்லணும். ஒரு தடவை வெளியூரில் கம்ப்யூட்டரில் செய்த அம்மன் படம் காலண்டருக்காக வந்தது. பளபளவென்று இருந்தது. வீட்டில் இருந்த அந்தப் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "இது மஞ்சப் பூசுன மொகம் இல்லப்பா, மஞ்சக் காமாலை" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, மஞ்சளைக் குறைத்து, கன்னத்தில் சிவப்பை ஏற்றச் சொன்னார். அரை மணி நேரத்தில் அம்மன் வந்துவிட்டாள். அவருக்கு மௌஸ் பிடிக்கத் தெரியாது. அந்த அரை மணிக்கு அவருக்குக் கூலி கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள்.

ராம் மோகன் இந்த மாற்றத்தை அவருடைய தொழிலில் முழுவதுமாகப் பார்த்தவர். செல்லுலாய்டு தாள் போய், கம்ப்யூட்டர் வந்து, பல இந்திய ஸ்டூடியோக்கள் வெளிநாட்டுப் படங்களுக்கு மலிவாக நடுப்படம் வரைந்துகொடுக்கும் கூலிக்கூடங்களாக ஆகிவிட்ட நேரத்தில், 2006-இல், 75-ஆவது வயதில் ஓர் அனிமேஷன் பள்ளி தொடங்கினார். அந்த வயதில் நம்மில் பலர் மாத்திரை டப்பாவைத்தான் திறப்போம். எந்த மிஷினில் வரைந்தாலும், ஆள் எப்படி எழுந்திருக்கிறான் என்பதை யாராவது பார்த்து வைத்திருக்கணும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஏஐ-யிடம் 'தீச்சட்டி ஏந்திய பெண்' என்று கேட்டுப் பார்த்தேன். கையில் ஒரு விளக்கைக் கொடுத்து, சிரித்த முகமாய் நிற்க வைத்தது. அடுத்த வருடம் சரியாகவே போடலாம். அதற்கு ஆடி கடைசி வெள்ளி எப்படி இருக்கும் என்று யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? சூட்டில் கை மாறும்போது வேப்பிலை எந்தப் பக்கம் போகும், ஈரச் சேலை காலைத் தடுக்கும்போது நடை எப்படிக் குட்டையாகும் என்றெல்லாம் இந்த ஊர்ப் பிள்ளையான உனக்குத் தெரியும். தெரியும் என்பதே உனக்குத் தெரியாது. நோட்டை எடுத்துக்கொண்டு ஆற்று மணலில் போய் உட்கார் என்றேன். "பரீட்சை இருக்கு சார்" என்றாள். பரீட்சையை எழுதிவிட்டுப் போ.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். வாசல் பக்கம் மேசையில் பிரஸ்ஸிலிருந்து வாங்கி வந்த பழைய லைட் டேபிள் ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் 24 தாள் இருக்கிறது. அக்காவை உட்கார வைத்து, சரவெடி பின்னுகிற கையைப் பார்த்து வரைந்தது. ஒரு நொடிக்கான வேலை, எனக்குப் பதினொரு நாள் ஆனது. பதினேழாவது தாளில் சுண்டு விரல் சரியில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள், அதை மட்டும் இரண்டு தடவை மாற்றினேன். ஓரத்தைப் பிடித்துப் புரட்டினால் கை ஓடும். சாப்பிடப் போவதற்கு முன்னால் பாருங்கள். சாப்பிட்ட கையோடு வந்து தொட்டுவிடாதீர்கள்.